ஒரு வெள்ளி ரசீது

பக்கத்து வீட்டு அக்கா கிளினிக்குப் போய்விட்டு வந்தால் கையில் மூன்று சின்னப் பிளாஸ்டிக் பை இருக்கும். சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. போன மாதம் அந்தப் பைகளை எங்கள் வீட்டு வாசல் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, நாலாக மடித்த ரசீதை என்னிடம் நீட்டினார்.

"ஏன் தம்பி, டாக்டர் பார்த்ததுக்கும் இவ்ளோ மருந்துக்கும் சேர்த்து ஒரு வெள்ளிதான் வாங்குறாங்க. அவங்களுக்கு எப்படிக் கட்டுபடியாகுது?"

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, செம்பனையும் மிச்சம் மீதிக் கித்தாவும், அதாவது ரப்பரும், சூழ்ந்த சின்னப் பட்டணம். தோட்டத்தை விட்டு வெளியேறி தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடிவந்தவர்கள்தான் இங்கே அதிகம். எல்லாரும் அரசாங்கக் கிளினிக்குப் போகிறோம், எல்லாரும் அந்த ஒரு வெள்ளியை, அதாவது ஒரு ரிங்கிட்டை, கட்டுகிறோம். மிச்சத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "அரசாங்கம் தர்மமாக் கொடுக்குது." இன்னொன்று, "நாமதான் மாசாமாசம் சொக்சோ கட்டுறோமே, அதுலேர்ந்து வருது." சொக்சோ என்பது சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் பாதுகாப்புச் சந்தா. இரண்டு பதிலுமே தப்பு. ஊரில் இருபது வருஷமாக விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறவன் என்ற முறையில், அக்காவுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. அக்கா பதினாறு வயதில் கித்தா மரத்தில் பால் வெட்டப் போனபோது அவருக்கு வைத்தியச் செலவு என்ற ஒன்றே கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர். காய்ச்சலென்றால் மிக்ஸர் மருந்து, மருந்து வாங்க நாமே போத்தல் கொண்டுபோக வேண்டும். அம்மா காலத்தில் கொயினாவும் விளக்கெண்ணெயும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவனை "சீக்கா?" என்று கேட்டு டிரஸ்ஸரிடம் அனுப்புவார் தோட்டக் கணக்கரான கிராணி. டிரஸ்ஸர் சீட்டுக் கொடுத்தால்தான் அன்றைக்கு லீவு. அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் போட்டது தோட்டக் கம்பெனி. கருணையால் போடவில்லை. மலேரியாவில் ஆட்கள் செத்து விழுந்த காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பில் தோட்ட முதலாளியின் மருத்துவக் கடமைகள் எழுதப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கடமை வேறு சட்டங்களில் தொடர்ந்தது; 1990-ல் வந்த குடியிருப்பு வசதிச் சட்டத்திலும் இருக்கிறது.

அதில் ஒரு கோளாறு. வைத்தியம் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும், டிரஸ்ஸரும் போவார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்பாக மாறியபோது வெளியே வந்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைக்கு நாம் போகும் கிளினிக் அப்படி இல்லை. வேலை இருக்கிறதா, எந்தக் கம்பெனி என்று கவுண்டரில் யாரும் கேட்பதில்லை. ஐசியை, அதாவது அடையாள அட்டையைத்தான் கேட்கிறார்கள். குடிமகன் என்றால் ஒரு வெள்ளி. அறுபதைத் தாண்டியவருக்கு அதுவும் வேண்டாம். அந்தக் கேள்வி மாறியதற்குள் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. முன்பு கம்பெனி கட்டியது, இப்போது வரி கட்டுகிறது.

அக்கா கொடுத்த அந்த ஒரு வெள்ளியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். கிளினிக்கில் இருக்கும் மிசிகளுக்கு, அதாவது தாதிகளுக்கு, சம்பளமாகவோ மாத்திரைக்கு விலையாகவோ அது போவதில்லை. கிளினிக் அதை வைத்துக்கொள்ளவே முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 97-வது பிரிவின்படி, கூட்டரசு வசூலிக்கும் பணம் கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதியில் போய்ச் சேர வேண்டும். மலாயில் கும்புலான் வாங் டிசத்துக்கான் என்பார்கள். அக்காவின் ஒரு வெள்ளியும், பெரிய கம்பெனியின் வருமான வரியும், அரசாங்க எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கொடுக்கும் லாப ஈவும், நீங்கள் கடையில் கட்டிய விற்பனை வரியும் ஒரே பானைக்குள். உள்ளே போனபின் எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

அந்தப் பானையிலிருந்து பணம் வெளியே வர வேண்டுமானால் நாடாளுமன்றம் அனுமதிக்க வேண்டும். வழக்கமாக அக்டோபரில் நிதியமைச்சர் தாக்கல் செய்கிற வரவு செலவுத் திட்டம் இதற்குத்தான். 2025-ஆம் ஆண்டுக்கான மொத்தத் திட்டம் 421 பில்லியன் வெள்ளி. அதில் சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன். அதற்கு முந்தைய வருஷம் 41.2 பில்லியன். பில்லியன் என்றால் நூறு கோடி. இந்தத் தொகையெல்லாம் நம் தலைக்குள் நுழையாது என்பதால் நான் வகுத்துப் பார்த்தேன். நாட்டில் சுமார் 34 மில்லியன் பேர். ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அக்கா மாதம் ஒரு தடவை கிளினிக்குப் போனாலும் அவர் கையிலிருந்து போவது வருஷத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி. ஆகவே அது விலையே கிடையாது. 1951 கட்டணச் சட்டத்தின்கீழ் 1982-ல் வந்த மருத்துவக் கட்டண உத்தரவு வைத்த வெறும் பதிவுக் கட்டணம். சினிமா டிக்கெட், தோசை, பெட்ரோல் எல்லாம் எங்கெங்கோ ஏறிவிட்டன, இது மட்டும் ஏறவில்லை. சிறப்பு மருத்துவர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. ஏற்ற வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் அடுத்த தேர்தலில் தெரியும் என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

"நாங்க எங்க தம்பி வரி கட்டுறோம்? வரி கட்டுற அளவுக்குச் சம்பளமா வாங்குறோம்?" என்றார் அக்கா. தோட்டத்து ஆட்களிடம் இந்தக் கூச்சம் அதிகம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். வருமான வரி கட்டாதவர்கள் நாட்டில் ஏராளம். அதற்காக வரியே கட்டாதவர்கள் ஆகிவிட மாட்டோம். கைத்தொலைபேசிக் கட்டணத்தில் சேவை வரி இருக்கிறது. வாங்குகிற எத்தனையோ பொருளில் விற்பனை வரி அடக்கம். அக்காவின் கணவர் குடிக்கிற பீரிலும் ஊதித் தள்ளுகிற சிகரெட்டிலும் இருக்கிற வரியைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும், அது வேறு கதை. இதெல்லாம் போக, நாற்பது வருஷம் கித்தா வெட்டிய கைகள் நாட்டுக்குக் கொண்டுவந்த ஏற்றுமதிப் பணத்திலும் அரசாங்கத்துக்கு வரி போயிருக்கிறது. ஆகவே கவுண்டரில் யாரும் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது இவ்வளவுதான். அதை யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் சிக்கல். சுகாதாரம் கூட்டரசின் பொறுப்பு. புத்ராஜெயாவில் அமைச்சு, அதன்கீழ் மாநில சுகாதார இலாகா, அதன்கீழ் மாவட்ட சுகாதார அலுவலகம், அதன்கீழ் நம் ஊர்க் கிளினிக். தோட்டத்துப் பக்கம் பிள்ளைக்கு ஊசி போடவும் கர்ப்பிணியைப் பார்க்கவும் இருக்கிற கிளினிக் டேசாவும் இந்த வரிசையில்தான் வரும். மாவட்ட ஆஸ்பத்திரியால் முடியாததை ஈப்போவில் இருக்கும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இதயத்தில் பெரிய சிக்கல் என்றால் சிலரைக் கோலாலம்பூரில் ஐஜேஎன் எனும் தேசிய இதய நிலையத்துக்கு அனுப்புவதுண்டு. ஐஜேஎன் சுகாதார அமைச்சின்கீழ் இல்லை, நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை உயர்கல்வி அமைச்சின்கீழ். எல்லாமே "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி" என்றுதான் நாம் சொல்கிறோம், ஆனால் கணக்குப் புத்தகம் வேறு வேறு. அதனால்தான் ஓரிடத்தில் ஐந்து வெள்ளி, இன்னோரிடத்தில் அதைவிடக் கூடுதல் என்று பில் வந்து ஆளைத் திகைக்க வைக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சுகாதார அமைச்சு தன் இஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. எத்தனை டாக்டர் பதவி, எத்தனை தாதி பதவி என்பதில் பொதுச் சேவை இலாகாவின் கை இருக்கிறது. பணம் நிதியமைச்சின் கையில். 2016 கடைசியில் புது டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கியதும், நிரந்தர வேலை கிடைக்காத அந்த டாக்டர்கள் 26 ஜூலை 2021 அன்று மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததும் இந்த முடிச்சிலிருந்து வந்தவை. கிளினிக்கில் காலை ஏழு மணிக்கே நம்பர் எடுத்து, பதினோரு மணிக்குக் கூப்பிடும்போது நாம் மிசியிடம் முகத்தைக் காட்டுகிறோம். அந்த மிசிக்குப் பக்கத்தில் இன்னொரு மிசியை உட்கார வைப்பதா வேண்டாமா என்பது அந்தக் கிளினிக்கில் முடிவாகும் காரியம் இல்லை.

காத்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. தனியார் கிளினிக்கில் அறுபது எழுபது வெள்ளி பில் வரும் என்றால், சளிக்கு நாம் போவதா வேண்டாமா என்று யோசிப்போம். ஒரு வெள்ளி என்றால் யோசிக்க மாட்டோம். வருகிறவர்கள் ஏறிக்கொண்டே இருக்க, டாக்டர்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தால், பணத்தால் கட்டாததை நேரத்தால் கட்டுகிறோம். நாள் சம்பளக்காரருக்கு அது சின்னச் செலவில்லை. ஒரு காலைப்பொழுது போனால் அன்றையக் கூலியே போய்விடும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து நேராக எடுத்துக் கொடுப்பது. ஒரு வெள்ளிக்குக் கிளினிக் இருந்தும் இவ்வளவு போகிறது. காத்திருக்க முடியாதவர்கள் தனியாரிடம் போவது அதற்கு ஒரு காரணம்.

சரி, சொக்சோ? அங்கேதான் அக்காவின் மகன் சம்பளச் சீட்டோடு வந்து உட்கார்ந்தான். பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் வேலை. "அண்ணே, மாசாமாசம் பிடிக்கிறான். ஒரு நாள்கூட நான் சொக்சோவில் ஊசி போட்டதில்லை. எங்க போகுது இந்தக் காசு?"

அவனுக்கு நான் சொன்ன உதாரணம் நம் ஊர்க் காரியங்களிலிருந்துதான். கோயில் திருவிழா அன்னதானத்தை எடுத்துக்கொள். வசதியிருக்கிறவன் நூறு வெள்ளி எழுதுகிறான், இல்லாதவன் ஒரு தேங்காய் கொடுக்கிறான், ஒன்றும் கொடுக்காதவனும் வருகிறான். பந்தியில் யாரிடமும் ரசீது கேட்பதில்லை. அரசாங்கக் கிளினிக் அப்படி. மரண சகாயச் சங்கம் வேறு மாதிரி. அதில் பெயர் எழுதி மாதச் சந்தா கட்டுகிறவர் வீட்டில் சாவு விழுந்தால்தான் பணம் வரும். அதுவும் சாவுக்கு மட்டும், கல்யாணத்துக்குக் கேட்டால் கிடைக்காது. சொக்சோ அப்படி. மூன்றாவது, வீட்டில் பரண்மேல் இருக்கிற உண்டியல். நீ போட்டது உனக்கு மட்டும். பக்கத்து வீட்டான் செத்தாலும் அதைத் தொட முடியாது. அது இபிஎஃப், ஊழியர் சேமநிதி.

சொக்சோவின் மலாய்ப் பெயர் பெர்கேசோ. 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971-ல் தொடங்கப்பட்டது. இது வரிப் பணத்தில் ஓடவில்லை, சந்தாவில் ஓடுகிறது. சம்பளத்தில் முதலாளி 1.75 விழுக்காடு, தொழிலாளி 0.5 விழுக்காடு. மகனின் சீட்டை மேசைமேல் விரித்தோம். 2025-ஆம் ஆண்டின் ஒரு மாதச் சீட்டு, அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, அதாவது பிப்ரவரி 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம். அவன் பங்கு 8 வெள்ளி 25 காசு. முதலாளி அதற்குமேல் 28 வெள்ளி 85 காசு கட்ட வேண்டும், அது அவன் சீட்டில் பிடிபடாது. ஆக மாதம் 37 வெள்ளி 10 காசு அவன் பெயரில் போகிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் சந்தா கணக்குக்கு 6,000 வெள்ளிதான் உச்சவரம்பு. அக்டோபர் 2024 வரை அது 5,000-ஆக இருந்தது.

சந்தா கட்டினால் என்ன கிடைக்கும் என்பதில்தான் குழப்பம். காய்ச்சலுக்குப் பெர்கேசோ வராது. வேலையில் அடிபட்டால் வரும், வேலையால் வந்த நோய்க்கு வரும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால் வரும். வேலையோடு சம்பந்தமில்லாத நோயில் ஆள் நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனால் இயலாமைப் பென்ஷன் என்று ஒரு பிரிவும் இருக்கிறது.

வழியில் நடக்கும் விபத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மழைக்குப் பிறகு, செம்பனைக் குலை ஏற்றிய லாரி போன தடத்தில் டயர் வழுக்கும். சில வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது இப்படி விழுந்து முழங்கால் கிண்ணம் உடைந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்லபடி வைத்தியம் பார்த்துவிட்டார்கள். ஆனால் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் படுத்திருந்தான். இது சொக்சோ கேஸ் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் வேலை பார்த்த கம்பெனி சும்மா இருந்துவிட்டது. அவன் அக்காள் என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா என்று. இரண்டாவது கேட்டது, நேராக வீட்டுக்குத்தான் வந்தானா, நடுவில் வேறெங்காவது வண்டியைத் திருப்பினானா என்று. வழியை விட்டு விலகி நண்பன் வீட்டுக்குப் போய் வரும்போது விழுந்தால் சட்டப்படி அது வேலைப் பயணம் ஆகாது. நல்லவேளை, நேராகத்தான் வந்திருந்தான்.

டாக்டர் கொடுத்த எம்சி எனும் மருத்துவ விடுப்பு, விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நாலு நாளாவது இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காட்டைப் பெர்கேசோ கொடுக்கும். முதலாளி விபத்து பற்றித் தெரிந்ததும் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நாமே கிளை அலுவலகத்துக்குப் போகலாம். அந்தப் பையனுக்குப் பணம் வந்தது, ரொம்பத் தாமதமாக. அதற்குள் தங்கையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய்விட்டது.

ஜனவரி 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இன்றைக்குத் தோட்டங்களில் குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசிகள். வேலையில் அடிபட்டால் அவர்களுக்குச் சந்தா பேசும். ஆனால் வெறும் காய்ச்சலுக்குக் கிளினிக்குப் போனால் ஒரு வெள்ளி அவர்களுக்கு இல்லை, கட்டணம் பல மடங்கு. அன்னதானப் பந்தியில் ஐசி கேட்பார்கள் என்று மேலே சொல்லாமல் விட்டேன். பல தலைமுறை இங்கே பிறந்தும் அடையாள அட்டையே கிடைக்காமல் நிற்கும் நம் ஆட்கள் சிலரையும் அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன்.

இபிஎஃப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1951-லிருந்து இருப்பது. தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு, சம்பளம் 5,000-த்துக்குமேல் போனால் முதலாளி 12. மே 2024-ல் கணக்கை மூன்றாகப் பிரித்தார்கள். 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கு. கடும் நோய்க்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். தனக்கு மட்டுமல்ல, மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோருக்கும். ஆனால் எடுத்தது உன் கிழவயதுச் சோறு. அக்காவின் கணவர் அப்படித்தான் தன் அம்மாவுக்காக எடுத்தார். தப்பென்று யார் சொல்வது. அந்த அம்மா இப்போது சுவரில் பிரேமுக்குள் இருக்கிறார், பணமும் இல்லை.

இதுவரை சொன்னதில் அரசாங்கம் தானே கிளினிக் கட்டித் தானே நடத்துகிறது, அல்லது சந்தா வாங்கிப் பணம் கொடுக்கிறது. மூன்றாவதாக ஒரு வழி கொஞ்ச காலமாக வந்திருக்கிறது. அரசாங்கம் பணத்தைக் கொடுத்துத் தனியாரிடமிருந்து சேவையை வாங்குவது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-ல் வந்த பேகா பி40 திட்டம் அப்படி. புரோடெக்ட்ஹெல்த் என்ற நிறுவனம், சுகாதார அமைச்சுக்குச் சொந்தமானது, இதை நடத்துகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறவருக்கும் அவர் துணைக்கும், நாற்பது வயது ஆகியிருந்தால், இலவசமாக உடல் பரிசோதனை. அரசாங்கக் கிளினிக்கில் மட்டுமல்ல, இதில் பதிந்த தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். கிளினிக் நம்மிடம் ஒரு காசு வாங்காமல் புரோடெக்ட்ஹெல்த்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். பரிசோதனைக்குப் பிறகு தேவைப்பட்டால் மருத்துவக் கருவிக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. புற்றுநோய் வைத்தியத்தை முடித்தால் 1,000 வெள்ளி வரையும், அரசாங்க மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் ஊக்கத்தொகை கிடைக்கும். விண்ணப்பமே போட வேண்டாம். ஐசி எண்ணைப் போட்டுப் பார்த்தால் தகுதி தெரியும். இருந்தும் எங்கள் வரிசையில் பத்து வீட்டில் ஏழு வீட்டுக்கு இது இருப்பதே தெரியாது. "ஒண்ணுமில்லாம எதுக்குப் போய்ச் சோதிக்கணும், சோதிச்சா ஏதாவது வரும்" என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

அதே வருஷம் மைசலாம் என்றும் ஒன்று வந்தது. குறிப்பிட்ட கடும் நோய் என்றால் ஒரே தடவையாக 8,000 வெள்ளி. அந்தப் பணம் வந்த வழி வேடிக்கையானது. வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பெனிகள் பங்கில் ஒரு பகுதியை உள்நாட்டினருக்கு விற்க வேண்டும் என்ற விதிக்கு மாற்றாக, கிரேட் ஈஸ்டர்ன் 2 பில்லியன் வெள்ளி கொடுத்து அந்த நிதியைத் தொடக்கி வைத்தது. 2023-ல் வந்த மடானி மருத்துவத் திட்டம், சளி காய்ச்சலுக்கு ஏழைக் குடும்பங்கள் தனியார் கிளினிக்குப் போகலாம் என்றது. தேர்ந்தெடுத்த மாவட்டங்களில், ஒரு வரம்புத் தொகை வரை. சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் தனியாகவும் அட்டை கொடுக்கின்றன. திட்டங்களின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறும், அதனால் பெயரைவிட, எஸ்டிஆர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல கதவுகளுக்கு அதுதான் சாவி.

நம் சமூகத்துக்கு இதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்குப் பக்கத்தில். சர்க்கரை முற்றினால் சிறுநீரகம், சிறுநீரகம் போனால் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். மேலே சொன்ன எல்லாப் பானையும் ஒன்றாகத் திறப்பது இங்கேதான். அரசாங்க மையத்தில் இடம் கிடைத்தால் வரிப் பணம். வேலை பார்த்துச் சந்தா கட்டியவர் தகுதி பெற்றால் பெர்கேசோ. அரசாங்க ஊழியர் என்றால் அரசாங்கம் தன் ஊழியர்களுக்குத் தனியாகக் கட்டும். இவை எதிலும் சேராதவர் தொண்டு நிறுவன மையத்துக்குப் போவார், அங்கேயும் அரசாங்க மானியம் கொஞ்சம் வருகிறது. எதிலும் இடமில்லாதவர் பிள்ளைகளின் சம்பளத்தில் தனியாரிடம் போவார். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூக நலப் பிரிவு என்று ஒரு அறை இருக்கும். யார் எந்தப் பானையைத் தட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பில்லைக் கண்டு மயங்கி விழுவதற்கு முன் அந்த அறைக்குப் போங்கள்.

மரண சகாயச் சங்கம் மாதிரி நாட்டுக்கே ஒரு மருத்துவக் காப்புறுதி ஏன் வைக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். ஜெர்மனி 1883-லேயே அதைத் தொடங்கியது. இங்கே எண்பதுகளிலிருந்து பேசுகிறார்கள். 2012 வாக்கில் ஒன் கேர் என்ற யோசனை வெளியே கசிந்தபோது, சம்பளத்தில் இன்னொரு பிடித்தமா என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பி அது அலமாரிக்குள் போனது. ஜூன் 2023-ல் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரத்துக்கான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடு வரை கொண்டுபோக வேண்டும் என்கிறது. எந்தப் பானையிலிருந்து என்பதுதான் இன்னும் வாதம். என் கட்சி வரிப் பணம்தான். சந்தா என்று வைத்தால் மாதச் சம்பளம் இல்லாத இடியாப்பக்கார அம்மாவிடமும் புல் வெட்டுகிறவரிடமும் யார் போய்ச் சந்தா வாங்குவது? விட்டுப்போகிறவர் எப்போதும் அவர்கள்தான். தனியார் காப்புறுதி இருக்கிறவர்களும் நிம்மதியாக இல்லை. 2024-ல் பிரீமியம் ஏறிய ஏற்றத்தில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தை மூன்று வருஷத்துக்காவது பரப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, எஸ்டிஆர் வருகிறது. அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் என் கைத்தொலைபேசியில் அவர் ஐசி எண்ணைத் தட்டினேன். பேகா பி40-க்குத் தகுதி என்று வந்தது, இத்தனை வருஷமாகத் தொடாமல் கிடந்திருக்கிறது. அவர் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு எதுவும் இல்லையாண்ணே? நான்தான் வேலைக்கே போகலையே" என்றது. இருக்கிறது. டிசம்பர் 2022 முதல் பெர்கேசோவில் இல்லத்தரசிகளுக்கு ஒரு திட்டம் உண்டு, ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், வருஷம் 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டாலும் இயலாமல் போனாலும் பணம் வரும். மகன் விரலை மடித்துக் கணக்குப் போட்டான். மாசம் பத்து வெள்ளி. "அப்பன் ஒரு நாள் ஊதுற சிகரெட்டுக் காசு கூட இல்ல" என்று அக்கா உள்ளே பார்த்துச் சத்தமாகவே சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை, டிவி சத்தம்தான் கொஞ்சம் கூடியது.